தென்முனை வானொலிச் சங்கத்தால் என்ன பிரயோஜனம்?

"தப்பா நெனைக்கப்பிடாது சாரே," என்றார் யேசுரத்தினம். "இந்தச் சங்கத்தால ஊருக்கு என்ன பிரயோஜனம்?"

குமாரதாஸ் கையிலிருந்த மைக்கை மேஜைமேல் வைத்தார். செயலாளராக இருந்த இருபது வருடத்தில் அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. வேறு கேள்விகள் ஏராளம் கேட்டிருக்கிறார்கள். 'தென்முனை அமெச்சூர் வானொலிச் சங்கம்' என்ற பலகையைப் பார்த்து மாடியேறி வந்து, மிக்ஸி ரிப்பேர் பார்ப்பீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. மகனுடைய பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் போட முடியுமா என்று கேட்ட தாய்மார் உண்டு. போலீஸ் வயர்லெஸ்ஸில் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று ரகசியமாக விசாரித்த ஒரு பிரமுகரும் உண்டு. அத்தனை பேருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியனுப்பியவர், கட்டட முதலாளியின் கேள்விக்கு மட்டும் சுவரில் மாட்டியிருந்த கலெக்டரின் சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார்.

சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். டெலிபோன் கம்பியும் இல்லாமல், செல்போன் கோபுரமும் இல்லாமல், அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தச் செட்டில் காற்று வழியே பேசுகிறவர்கள். கருங்கல் ஊரில் யேசுரத்தினத்தின் பேக்கரிக்கு மேலே, மூன்றாவது மாடியில் அவர்களுடைய அறை. மொட்டைமாடியில் ஆன்டெனா. சுனாமி வந்த வருடம் போன்கள் எல்லாம் செத்துக் கிடந்த மூன்று நாள், இவர்களுடைய செட்டுகள் மட்டும்தான் பேசின. அந்த மதிப்பில் யேசுரத்தினத்தின் அப்பா அறையைச் சும்மா கொடுத்தார். அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். இப்போது யேசுரத்தினத்தின் மருமகள் அஜிஷாவுக்கு அழகு நிலையம் வைக்க ஆசை. அறையில் நல்ல வெளிச்சம் வருகிறதாம்.

"அவசர காலத்துல..." என்று ஆரம்பித்தார் குமாரதாஸ்.

"அவசர காலம் எப்ப வரும்?"

"அது... சொல்ல முடியாதே."

"அழகு நிலையத்துக்கு ஆளு தெனமும் வரும் சாரே."

குமாரதாஸ் டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருடம் கம்பத்தில் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் மிஞ்சியது இரண்டு முழங்கால்களிலும் வலி; இந்த அறை ஒன்றுதான் சந்தோஷம். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் மைக்கைப் பிடித்தால் மாவட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து வணக்கம் சொல்வார்கள். இதற்கு 'நெட்' என்று பெயர். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்தான் ராஜா. அதுவும் போய்விட்டால் வீட்டில் உட்கார்ந்து தேங்காய் எண்ண வேண்டியதுதான்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாருங்க," என்றார். "பிரயோஜனத்தக் கண்ணால காட்டுகேன்."

மறுநாள் ஏழு மணிக்கு யேசுரத்தினம் வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அருகில் சங்கத்தின் இளையவன் ஸ்ரீஜித், துபாயில் பத்து வருடம் இருந்து திரும்பியவன், மடியில் விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான்.

"திற்பரப்புல பெரிய வெள்ளம்னு வச்சுக்கிடுங்க," என்றார் குமாரதாஸ். "போனெல்லாம் அத்துப் போச்சு. அங்க எங்க ஆளு ஞானதாசன் இருக்காரு, ரப்பர் தோட்டம். இப்ப அவரக் கூப்பிடுகேன் பாருங்க."

கூப்பிட்டார். செட் சீறியது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் சீறியது. மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு, "செத்த நேரம் பொறுங்க," என்று அறையின் மூலைக்குப் போய், சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஓய், செட்ட ஆன் பண்ணும் ஓய்! நேத்தே சொன்னேன்லா?"

"போனெல்லாம் அத்துப் போச்சுன்னு சொன்னீங்க?" என்றார் யேசுரத்தினம்.

"இது ஒத்திகைக்கு உள்ள போன்," என்றார் குமாரதாஸ்.

ஒரு நிமிடத்தில் ஞானதாசனின் குரல் அறையை நிறைத்தது. "உம்ம சத்தம் ஒம்பது! கண்ணாடி மாதிரி தெளிவு! என்ன சொன்னீரு, ஒண்ணும் வெளங்கல்லியே?"

வானொலிக்காரர்கள் எதிராளியின் குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு எண் கொடுப்பது வழக்கம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்பது கொடுப்பது மரியாதை. இதை யேசுரத்தினத்துக்கு விளக்க நேரமில்லை. அவர் எழுந்து மைக்கை நோக்கிக் கையை நீட்டிவிட்டார்.

"நானே கேக்கேன், வெள்ளம் எவ்வளவு வந்திருக்குன்னு."

"தொடப்பிடாது!" என்று ஸ்ரீஜித் புத்தகத்தை மூடினான். "லைசென்ஸ் இல்லாதவங்க மைக்கத் தொடப்பிடாது."

"இது எனக்க கட்டடம்லே!"

"கட்டடம் உங்களுக்கது. காத்து அரசாங்கத்துக்கது."

யேசுரத்தினத்தின் காது சிவந்ததை குமாரதாஸ் பார்த்தார். அவசரமாக மைக்கைத் தானே பிடித்து, "ஞானதாசன், அங்க வெள்ளம் எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், வெள்ளம் வந்ததாக நடிக்க வேண்டும் என்று ஞானதாசனிடம் யாரும் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"வெள்ளமா? அருவியில மொகம் கழுவக்கூட தண்ணி இல்ல ஓய். டூரிஸ்டு எல்லாம் வந்து வந்து மடங்கிப் போறானுவ. அது கெடக்கட்டும், உமக்க முட்டு எப்பிடி இருக்கு?"

இருபது வருடப் பழக்கம். குமாரதாஸின் வாய் தானாகத் திறந்தது. "வலது முட்டு ஆறு, எடது முட்டு ரெண்டு. ராத்திரி வலது கொஞ்சம் கொடுமை காட்டிச்சு, வெடியக்காலம் ஆறுல நின்னுது."

இதற்கு ஒரு காரணம் உண்டு. வானொலியில் அரசியல் பேசக்கூடாது, மதம் பேசக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது என்பது விதி. இந்த மூன்றையும் கழித்துவிட்டால் நம்மூரில் மனிதர்கள் பேசுவதற்கு மிச்சமிருப்பது உடம்பு மட்டும்தான். டாக்டர் ஒருமுறை, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். அதிலிருந்து குமாரதாஸ் தினமும் வலியை எண்ணிட்டுச் சொல்வது வழக்கமாயிற்று. வானொலிக்காரர் என்பதால் ஒன்பதுக்குக் கணக்கு வைத்துக்கொண்டார். வீட்டில் அவர் முட்டுப் பேச்சை எடுத்தாலே மனைவி செல்லக்கனி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். காற்றில்தான் அவருடைய முழங்கால்களுக்கு மதிப்பு.

அவர் எண்ணைச் சொல்லி முடித்ததும் செட்டிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு 'டிக், டிக்'. பிறகு வேறு பலத்தில் இன்னொரு 'டிக்'.

"அது என்ன சத்தம்?" என்றார் யேசுரத்தினம்.

"இடையூறு," என்றான் ஸ்ரீஜித் கசப்பாக. "எவனோ நம்ம அலைவரிசையில வந்து பட்டன அமுக்கி அமுக்கிக் குசும்பு பண்ணுதான். வருசக் கணக்கா நடக்கு. ஒருநாள் என் கையில மாட்டுவான்."

யேசுரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டார். படியில் இறங்கும்போது நின்று, விரலை நீட்டிச் சொன்னார்: "ஒரே ஒரு ஆளு. சங்கத்துக்கு வெளிய உள்ள ஒரே ஒரு ஆளு இந்த மாடியேறி வந்து, உங்களால எனக்குப் பிரயோஜனம் உண்டுன்னு எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். அறை உங்களுக்கு. இல்லேன்னா மண்டைக்காட்டுக் கொடை கழிஞ்சு வாற ஞாயித்துக்கெழம நான் ஆசாரியோட வருவேன், கண்ணாடி மாட்ட அளவெடுக்க."

அந்த ஒரே ஒரு ஆளுக்காக ஏழு பேரும் மண்டையைக் குழப்பிக்கொண்டார்கள். கடைசியில் தலைவர் முத்துநாயகம்தான் வழி சொன்னார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது எழுபத்தொன்பது. மண்டைக்காட்டுக் கொடைவிழாவில் லட்சம் பேர் கூடுகிறார்கள். பிள்ளைகள் காணாமல் போகாமல் இருக்குமா? சங்கத்தார் செட்டுகளோடு நாலு திசையிலும் நின்று, தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தால், அந்தத் தாய் மாடியேறி வந்து சாட்சி சொல்ல மாட்டாளா?

"ஒரு பிள்ளை போதும்," என்றார் முத்துநாயகம். "ஒண்ணே ஒண்ணு தொலைஞ்சா போதும்."

ஏழு பேரும் மஞ்சள் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை நின்றார்கள். வெயிலில் மணல் கொதித்தது. ஒரு பிள்ளையும் தொலையவில்லை. இந்தக் காலத்துத் தாய்மார்கள் பிள்ளைகளின் கையில் செல்போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிட்டிருந்தார்கள். கொஞ்சம் விலகிப்போன ஒன்றிரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் நின்றவர்களின் போனை வாங்கித் தாயை அழைத்து, எங்கே தொலைந்தாய் என்று அதட்டின.

ஒன்றேகால் மணிக்கு குமாரதாஸ் செட்டில் வரிசையாக எல்லோரையும் கூப்பிட்டார். ஆறு பேரில் ஐந்து பேர் பதில் சொன்னார்கள்.

"தலைவரே, கேக்குதா? தலைவரே!"

பதில் இல்லை. செட் வைத்திருப்பவனுக்குச் செல்போன் எதற்கு என்பது முத்துநாயகத்தின் கொள்கை. ஆகவே போன் போடவும் வழியில்லை. குமாரதாஸ் நொண்டி நொண்டிக் கூட்டத்துக்குள் அலைந்தார். பேரீச்சம்பழக் கடை, வளையல் கடை, ராட்டினம் எல்லாம் தேடியாயிற்று. அப்போதுதான் காவல் உதவி மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது.

"மஞ்சள் சட்டை அணிந்து, கையில் வயர்லெஸ் வைத்திருக்கும் முத்துநாயகம் என்ற பெரியவர், வழி தெரியாமல் எங்களிடம் வந்திருக்கிறார். அவரைத் தேடுபவர்கள் உடனடியாக வந்து அழைத்துச் செல்லவும்."

குமாரதாஸ் போய்ச் சேர்ந்தபோது முத்துநாயகம் பெஞ்சில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். செட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஆறு வயசுப் பிள்ளை ஒண்ணு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு சார். 'இந்தத் தாத்தா காணாமப் போயிட்டாவு'ன்னு சொல்லிட்டு, முட்டாய் வாங்கப் போயிட்டு."

இதை அஜிஷாவின் தோழி ஒருத்தி போனில் படம் பிடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் கருங்கல் முழுக்கப் பார்த்தாயிற்று. பேக்கரியில் பரோட்டா போடுகிறவர் குமாரதாஸைக் கண்டதும், "தலைவரு கெடச்சாச்சா சாரே?" என்று அன்போடு விசாரித்தார்.

அன்றைக்கு வீட்டிலும் நிம்மதியில்லை. மீன்காரி சகாயசெல்வி வாசலில் சருவத்தை இறக்கி வைத்து, செல்லக்கனிக்குச் சாளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து, மேலே ஒரு கைநிறைய அள்ளிப் போட்டாள்.

"இது சாருக்கு. முட்ட நல்லாப் பாத்துக்கிடச் சொல்லுங்க அக்கா."

"மஸ்கட்டுல இருக்க மொவ ஆப்ரேஷன் பண்ணணும்னு நிக்கா," என்றாள் செல்லக்கனி. "ரெண்டு முட்டையும் மாத்திப் புதுசு வச்சுட்டா வலியே இருக்காதாம்."

சகாயசெல்வியின் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ, வேண்டாம் அக்கா! கத்தி வச்சா எல்லாம் போச்சு. இருக்கது அப்பிடியே இருக்கட்டும்."

அவள் போனதும் செல்லக்கனி உள்ளே வந்து இடுப்பில் கை வைத்தாள். "கேட்டியளா, உங்களுக்கு முட்டு வலின்னு மீன்காரிக்கு எப்பிடித் தெரியும்? ஊரு பூரா சொல்லியாச்சா?"

"நொண்டுகத பாத்திருப்பா," என்றார் குமாரதாஸ். அவருக்கு இருந்த கவலையில் இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை சங்கத்தின் அவசரக் கூட்டம். ஸ்ரீஜித் எழுந்து நின்றான். கையில் இரண்டு பக்கம் அச்சடித்த தாள். அதன் தலைப்பு 'நாம் யார்?'

"நான் பட்டுன்னு சொல்லிப்போடுகேன், கோவப்படாதீங்க," என்றான். "வெளியாளு ஒருத்தன் நம்மள மதிக்கணும்னா நம்ம நெட்டக் கேட்டு மதிக்கணும். நம்ம நெட்டுல என்ன இருக்கு? ஒரு மணி நேரத்துல நாப்பது நிமிசம் குமாரதாஸ் சாருக்க முட்டு. வலது அஞ்சு, எடது நாலு. எவனாவது வெளியாளு செட்டத் திருப்பிக் கேட்டான்னா, இது வானொலிச் சங்கமா, வைத்தியசாலையான்னு கேப்பான்லா?"

ஞானதாசன் நகத்தைப் பார்த்தார். முத்துநாயகம் மண்டைக்காட்டுக்குப் பிறகு எதற்கும் கருத்துச் சொல்வதில்லை.

"நாளையில இருந்து நெட்டுல விஞ்ஞானம் மட்டும்தான்," என்றான் ஸ்ரீஜித். "சூரியன்ல புள்ளி எத்தன, மேல அயனி மண்டலம் எப்பிடி இருக்கு, அவசர காலப் பயிற்சி. முட்டு கெடையாது."

இருபது வருடம் தன்னிடம் முட்டு எப்படி என்று கேட்டவர்கள், இத்தனை நாளும் மரியாதைக்குத்தான் கேட்டார்களா? குமாரதாஸுக்கு அழாத குறை. ஆனால் அறை போய்விட்டால் நெட்டே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"சரி," என்றார். "முட்டு வேண்டாம்."

புதன்கிழமை காலை ஸ்ரீஜித் சூரியப் புள்ளிகளைப் பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினான். ஞானதாசன் நடுவில் செட்டை ஆன் செய்தபடியே உறங்கிப்போய், குறட்டை மூன்று நிமிடம் காற்றில் போனது. கடைசியில் குமாரதாஸின் முறை வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். இங்க எல்லாம் சுகம். முடிச்சுக்கிடுகேன்," என்றார்.

பிறகு ஒரு 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து, நீளமாக இன்னொரு 'டிக்'.

வியாழக்கிழமை அதே சூரியன், அதே வணக்கம். அவர் முடித்ததும் 'டிக் டிக் டிக்' என்று விடாமல் கால் மணி நேரம் தட்டல் கேட்டது. வெள்ளிக்கிழமை ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டியது.

"இது சதி," என்றான் ஸ்ரீஜித். "நாம விஞ்ஞானம் பேசுறது எவனுக்கோ பொறுக்கல்ல."

அன்றே கையில் பிடிக்கிற ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வருகிற திசையைத் தேடி மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் வெயிலில் கருத்திருந்தது.

"கடக்கரையில இருந்துதான் வருது சாரே. ஆனா யாருன்னு பிடிக்க முடியல்ல. கரை முழுக்க ஆளுவ. வள்ளத்த எல்லாம் மணல்ல கேத்திப் போட்டுட்டு, நெழல்ல உக்காந்து சீட்டு வெளையாடுதானுவ. நான் ஆன்டெனாவத் திருப்பித் திருப்பி நடக்கேன், டிவி சரியாக்க வந்தியான்னு ஒருத்தன் கேக்கான். இன்னொருத்தன், 'குமாரதாஸ் சாருக்குச் சொகம்தானா'ன்னு கேட்டான். அவனுக்கு உங்கள எப்பிடித் தெரியும்?"

குமாரதாஸுக்கு ஒன்றுதான் தோன்றியது. சங்கத்தின் செட்டுகளால் கடற்கரையில் டிவிகள் கெட்டுப்போகின்றன. அவர்கள் பெயர் விசாரித்துவிட்டார்கள். இனி ஆள் வரும்.

வீட்டில் செல்லக்கனி மூன்றாவது நாளாக முட்டைக்குழம்பு வைத்திருந்தாள்.

"மீன் இல்லியா?"

"ஒரு மீன் இல்ல. மரச்சீனியும் முட்டையும் தின்னு எனக்கே மடுத்துப்போச்சு. சகாயசெல்விக்குப் போன் பண்ணுனேன். கடலுக்கு ஒருத்தனும் போகல்லியாம். போன்ல 'காற்று வீச வாய்ப்புண்டு, மழைக்கு வாய்ப்புண்டு'ன்னுதான் வருதாம். உண்டா இல்லியான்னு உறுதியாச் சொல்ல வேண்டிய ஆளு வாயத் தொறக்க மாட்டேங்காருன்னு அழுகா."

"வானிலை ஆபீசர் லீவுல இருப்பாரு," என்றார் குமாரதாஸ், மரச்சீனிக் கிழங்கைப் பிசைந்தபடி. வலது முட்டு வலி ஒன்பதுக்கு ஒன்றுதான், இடது சுத்தமாக வலியே இல்லை. சொல்லத்தான் ஆளில்லை. சனிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை நெட்டில் தட்டல் சத்தத்தில் சூரியப் புள்ளிகள் யாருக்கும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு யேசுரத்தினம் சொன்னபடியே வந்தார். ஆசாரி டேப்பை விரித்தான். அஜிஷா சுவருக்கு எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். குமாரதாஸ் ஸ்டூலில் ஏறி, சுனாமி வருடத்துக் கலெக்டர் கொடுத்த சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றினார். கண்ணாடியில் தூசி. சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெளியாளு யாரும் வந்தாச்சா?" என்றார் யேசுரத்தினம். குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு காலடி இல்லை, நிறைய. கதவு திறந்து ஒன்பது ஆண்கள் உள்ளே வந்தார்கள். ஞாயிற்றுப் பூசைக்குப் போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெயிலில் காய்ந்த முகங்கள். அவர்களுக்குப் பின்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மீன்காரி சகாயசெல்வி. முன்னால் நின்றவர் அவளுடைய புருஷன் ஏசுஅடிமை, சொந்தமாக வள்ளம் வைத்துக் கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர். அவர் இடுப்பிலிருந்து ஒரு சின்ன வயர்லெஸ் செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஸ்ரீஜித் துள்ளி எழுந்தான். "இவங்கதான்! தட்டுனது இவங்கதான்! உங்ககிட்ட இதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"நாங்க பேச மாட்டோம் தம்பி," என்றார் ஏசுஅடிமை. "பேசப்பிடாதுன்னு தெரியும். அதான் கேட்டாச்சுன்னு ஒரு தட்டு மட்டும் தட்டுவோம்."

ஒன்பது பேரையும் பார்த்து யேசுரத்தினத்தின் முகம் மலர்ந்தது. ஒரே ஒரு ஆளைக் கேட்டார், எதிர்த்துச் சொல்ல ஒரு கரையே வந்துவிட்டது. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. டிவி போச்சா? மைக் செட்டு போச்சா? எதுன்னாலும் தைரியமாச் சொல்லுங்க. இந்தச் சங்கத்தால உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"சங்கமா?" ஏசுஅடிமை சுற்றிலும் பார்த்தார். "சங்கத்தப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே. இந்தத் தம்பி சூரியனுக்குப் புள்ளி எண்ணுகாரு, அது அவருக்க விருப்பம்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

ஏசுஅடிமை, ஸ்டூல்மேல் நின்றிருந்த குமாரதாஸின் கால்களையே பார்த்தார். மெல்லக் கை கொடுத்து, விழுந்துவிடாமல் இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். மற்ற எட்டுப் பேரும் நெருங்கி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். குமாரதாஸுக்கு அடி விழப்போகிறது என்றே தோன்றியது. சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சாரே, உள்ளதச் சொல்லணும். எங்க மேல எதாவது கோவமா?"

"எனக்கா? உங்க மேலயா?" என்றார் குமாரதாஸ். "நீங்கதான் எங்க மேல கோவமா இருக்கீங்கன்னு நான்..."

"அப்பம் ஏன் சாரே முட்டு சொல்லல்ல? வலது முட்டு காத்து, எடது முட்டு மழை, புயலடிச்ச வருசத்துல இருந்து அதக் கேட்டுத்தான் எங்க கரையில வள்ளம் எறங்குது. நாலு நாளா நீங்க ஒண்ணும் சொல்லல்ல, நாலு நாளா ஒரு வள்ளமும் எறங்கல்ல."